தம்பி மஞ்சளில் ஒரு மேடு

அந்த மழைக்காலத்தில் என் பிராணனை வாங்கியது ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஒரு முனையில் பழைய வெப்கேமராவும் மறுமுனையில் ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பும் வைத்து, புனேயில், எங்கள் வாகட் பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மிச்சப் பாதியில்தான் நாங்கள் இரண்டு பேரும் தட்டை இடித்துக்கொண்டு சாப்பிட்டோம். அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட வேண்டும் என்று நான் நினைக்காத நாள் கிடையாது. ஜன்னலுக்கு நேர் கீழே வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த மனிதரால்தான் பெட்டி பிழைத்தது.

எல்லாம் மஞ்சளால் வந்த வினை. எங்கள் ஊர் ஈரோட்டுக்குப் பக்கம். தம்பி அங்கே மஞ்சள் போடுகிறான். உரமும் மருந்தும் கொட்டிப் போட்டுக்கொண்டிருந்தவனை விடாமல் நச்சரித்து, இயற்கை முறைக்கு மாற்றியது நான். முதல் இரண்டு வெள்ளாமையும் பாதிக்குப் பாதி படுத்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிரித்தார்கள். "நீ போடு, விக்கறது எம் பொறுப்பு" என்று நான்தான் போனில் வீரம் பேசினேன். அவன் மஞ்சளை மண்டிக்குக் கொண்டுபோனால் மருந்தடித்த மஞ்சளோடு ஒரே குவியலில் கொட்டிவிடுவார்கள், பட்ட பாட்டுக்கு அர்த்தமே இல்லை. ஆகவே அவன் வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டையாக லாரியில் அனுப்புவான். நான் இங்கே கிர்ணி என்கிற மாவு மில்லில் கொடுத்து அரைத்து, வாகட், ஹிஞ்சேவாடி பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் விற்பேன். அவனுக்கு இருந்த ஒரே சந்தை அதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் 'ங்க' போடாமல் யாரிடமும் பேச வராது. கன்றுக்குட்டியைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவோம். தம்பி அவன் பெண்டாட்டியிடமும் 'ங்க', தவழுகிற மகளிடமும் 'ங்க'. என்னிடம் மட்டும் "ஏ அக்கா, நீ சும்மா இரு" என்பான். அம்மா இதற்காக அவனை எவ்வளவோ வைதிருக்கிறாள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அதனால் நான் திருத்தவே இல்லை.

ஜூன் மாதம் மழை பிடித்த வாக்கில் குழுவில் ஒரு போட்டோ வந்தது. பக்கத்து டவரில் குடியிருக்கும் சென்னைக்காரப் பெண் ஒருத்தி கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, என் மஞ்சள்தூளைப் போட்டு, தண்ணீர் மஞ்சளாக நிற்பதைப் படம் எடுத்திருந்தாள். கீழே, "ஆர்கானிக் மஞ்சள் சாயம் வெளுத்துடுச்சு போலிருக்கே" என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மை வேறு. நைசாக அரைத்த எந்த மஞ்சளைத் தண்ணீரில் போட்டாலும் கொஞ்ச நேரம் மஞ்சளாகத்தான் நிற்கும். விளக்கி ஒரு பத்தி எழுதினேன். எவரும் படித்த மாதிரி தெரியவில்லை. அவள் போட்டோவுக்குத்தான் ஆச்சரிய முகம், அழுகை முகம் என்று வரிசையாக விழுந்தது.

மறுநாள் ஆர்டர் சேகரிக்கிற அம்மாள் போன் செய்தார். தேன் ஒழுகப் பேசினார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லையாம், ஒரு ரிப்போர்ட் வரட்டுமாம், அதுவரை மஞ்சளை மட்டும் நிறுத்தி வைக்கலாமாம். லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்குகிறேன் என்றேன். "லேப்புக்கு சாம்பிள் நீங்கதானேம்மா எடுத்துக் குடுப்பீங்க?" என்று அதே தேன் குரலில் கேட்டார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. ஆகுர்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் கலர் மேட்சிங் பார்த்தவள் நான். கம்பெனி ஊர் மாறிப் போனபோது வேலையை விட்டேன், படித்ததை விடவில்லை. என்னிடம் வந்து சாயமா? போனை வைத்த சூட்டோடு குழுவில் எழுதினேன்: உங்கள் சமையலறையில் இருக்கிற என் பாக்கெட்டையே கொண்டு வாருங்கள், உங்கள் கண்ணெதிரே கருவி வைத்துக் காட்டுகிறேன்.

எழுதிவிட்டேன். கருவி?

கணவர் ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. கம்பெனி கேபில் போக வர டிராஃபிக்கில் சாகிற நேரத்தில் வீடியோ பார்த்தே எல்லா வித்தையும் கற்றவர். "இது ஒரு வீக்கெண்ட் வேலைம்மா" என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயம் கேட்க எளிதுதான். மஞ்சள்தூளை ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். கரைசல் வழியாக வெளிச்சத்தை விட்டு, வெளிவருவதை ஒரு டிவிடி துண்டில் பட வைத்தால் அது வானவில்லாகப் பிரியும். எந்த நிறத்தைக் கரைசல் விழுங்கிவிட்டதோ வானவில்லில் அந்த இடம் இருண்டிருக்கும். கேமரா அதைப் பார்த்து லேப்டாப்பில் கோடு வரையும், விழுங்கின இடத்தில் கோடு மலை மாதிரி எழும்பும். நல்ல மஞ்சள் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கும், ஆகவே அங்கே ஒரே ஒரு மலை. வேறு சாயம் கலந்திருந்தால் தள்ளி இன்னொரு மேடு தெரியும். கம்பெனி லேபில் நான் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போன வேலைதான் இது.

வீட்டில் பொத்தானே கிடையாது. முதலில் எல்இடி டார்ச்சை வைத்தோம். எங்களுக்கு எந்த நீலம் முக்கியமோ அதை ஒட்டியே அந்த வெளிச்சத்தில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. வெளிச்சமே இல்லாத இடத்தில் மஞ்சள் எதை விழுங்கும்? கோடு கிறுக்குப் பிடித்து ஆடியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பை பேட்டரியில் எரியவிட்டோம். மலை வந்தது. ஆனால் கரைசலை எவ்வளவு கெட்டியாகக் கலக்கினாலும் மலை அதே உயரத்தில் நின்றது. பாதி டப்பா மஞ்சளைக் கொட்டினேன், அப்போதும் அதே உயரம். கணவர் கோடு போடுகிற மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்தார். குற்றவாளி வெப்கேமரா. எதிரே இருட்டினால் அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிற ஜாதி. நாங்கள் இருட்டாக்க, அது பளிச்சென்றாக்க, நாள் கணக்காக இந்தக் கூத்து. செட்டிங்ஸில் எங்கேயோ ஒளிந்திருந்த ஒரு டிக்கை எடுத்ததும் அடங்கியது. அந்த டிக்கை முதல் நாளே பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். அன்று அவர் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

அடுத்து சமையலறை ஜன்னல் வெளிச்சம். மேகம் நகர்ந்தால் மலை நகரும். பெட்டி மேல் எதைப் போர்த்தினாலும் ஒழுகியது. கடைசியில் அவர் சபரிமலைக்குக் கட்டுகிற கறுப்பு வேட்டியை எடுத்து நாலாக மடித்துப் போர்த்தினேன். சாமி கோபித்துக்கொள்ளும் என்றார். கோபித்துக்கொள்ளட்டும், இங்கே நான் ஏற்கெனவே கோபமாகத்தான் இருக்கிறேன் என்றேன். வேட்டி வேலை செய்தது. பிறகு பேட்டரி. இறங்க இறங்க பல்பு மங்கி, காலையில் எடுத்த கோடும் மத்தியானம் எடுத்த கோடும் ஒட்டவில்லை. சார்ஜ் போடலாம் என்றால் அன்றைக்கு வியாழக்கிழமை, இந்த ஊரில் வாராவாரம் கரண்டை நிறுத்துகிற நாள். ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் குப்பிகள் ஆல்கஹால் பட்டுப் பட்டு வெளுத்து மங்கிப் போயின. கேம்ப் பஜார் பக்கம் அத்தர் கடையில் தேடி, சதுரமான சின்னக் கண்ணாடி பாட்டில்கள் வாங்கி வந்தேன். அத்தர் வாசனை போக அவற்றைக் கழுவினதிலேயே எனக்குத் தும்மல் பிடித்தது.

இதற்கிடையில் தம்பி போன் செய்வான். "ஏ அக்கா, எப்ப அனுப்பட்டும்? மழை ஈரத்துல மஞ்சள்ல வண்டு உளுந்துட்டா அப்பறம் நீயும் நானும் மூஞ்சில பூசிக்க வேண்டியதுதான்" என்பான். மருந்து வைக்காத மஞ்சள், அதிக நாள் தாங்காது. தோட்டத்துச் சாலைக் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. குழுவில் சின்னப் பேச்சு, சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி வைத்தேன். சாயம் என்ற சொல்லை அவன் காதில் போடவில்லை.

ஒருவழியாகக் கருவி வழிக்கு வந்தது. ஒரே கரைசலைக் காலையிலும் சாயங்காலமும் வைத்தால் ஒரே மலை வந்தது. நான் ஒழுங்காக வேலையை ஆரம்பித்தேன். கடையில் வாங்கிய பாக்கெட் மஞ்சளுக்கு ஒரு பாட்டில், தம்பி மஞ்சளுக்கு ஒரு பாட்டில். மஞ்சள் எதில் பட்டாலும் போகாதே, ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்காகத் தனித்தனியாக வைத்தேன். தம்பி பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன்.

கடை மஞ்சளுக்கு ஒரே மலை, அழகாக எழும்பி அழகாக இறங்கியது. தம்பி மஞ்சளை வைத்தேன். மலை எழும்பியது, இறங்கியது, இறங்குகிற வழியில் பச்சைப் பக்கமாக ஒரு மேடு தட்டி நின்றது.

பாட்டிலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மேடு. புதிதாகக் கரைத்தேன். மேடு. தூள் அடியில் தங்கட்டும் என்று மத்தியானம் வரை காத்திருந்து தெளிவை மட்டும் வைத்தேன். மேடு. பல்பை மாற்றினேன், டிவிடி துண்டை மாற்றினேன், வேட்டியை எட்டாக மடித்தேன். வெறும் ஆல்கஹாலை அதே பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன், கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அப்படியானால் பாட்டிலில் குற்றமில்லை, மஞ்சளில்தான். மறுநாள் வேறு பாக்கெட்டைப் பிரித்து வைத்தேன். மேடு இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தது. கண்ணால் பார்த்தாலே கரைசல் லேசாக ஆரஞ்சு அடித்தது. கெரகம், எவ்வளவுக்கெவ்வளவு கவனமாகச் செய்கிறேனோ அவ்வளவுக்கவ்வளவு அந்த மேடு வளர்ந்தது.

எங்கள் பக்கத்தில் ஊரறிந்த விஷயம் ஒன்று உண்டு. காய்ந்த மஞ்சளை டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ் போடும்போது, சில இடங்களில் பளபளப்புக்குக் கலர் தூவுவார்கள். தம்பிக்குச் சொந்த டிரம் கிடையாது, வாடகைக்குத்தான் போடுவான். சாப்பிடும்போது வாய் தவறி, "பாலிஷ்லதான் என்னவோ ஆயிருக்கு" என்று முனகினேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது. கணவர் தலையை ஆட்டிக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாப்ளைகிட்ட கேட்டுட்டேன்" என்றார். என் தம்பியைத்தான் அப்படிச் சொல்வார்.

என்னத்தைக் கேட்டீர்கள் என்றேன். கேபில் வரும்போது போன் போட்டாராம். குழுவில் வந்த போட்டோ, நிறுத்தின ஆர்டர், எங்கள் கருவி, பச்சைப் பக்கத்து மேடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, பாலிஷ் போடுகிற இடத்தில் கலர் ஏதாவது சேர்த்தார்களா என்று 'சும்மா' கேட்டாராம். இல்லை என்று சொன்னானாம். விஷயம் முடிந்தது என்கிற மாதிரி கை கால் கழுவப் போனார்.

நான் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. யார் உங்களைக் கேட்கச் சொன்னது என்பதில் ஆரம்பித்து அவருடைய வம்சம் வரைக்கும் போனேன். அந்த மனிதர் பாவமாக நின்றுகொண்டு, "நீதான பாலிஷ்னு சொன்ன, நீ கேட்டா சங்கடம், நான் கேட்டா சாதாரணம்னு நெனச்சேன்" என்றார். உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"மாமா கேட்டாருங்க. இல்லீங்கன்னு சொன்னேன். டிரம்மு ஓடி முடியற வரைக்கும் பக்கத்துலயேதான் நின்னேனுங்க" என்றான். நான் அது இது என்று சமாளித்தேன், மாமா ஒரு லூசு என்றுகூடச் சொன்னேன். அதற்கும் சிரிக்கவில்லை. "சரிங்க, மோட்டார் போடோணும்" என்று வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் காதில் அந்த 'ங்க' உறுத்தியது. மாமாவைப் பற்றிப் பேசியதால் வந்த மரியாதையாக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்ஹவுஸில் எல்லார் முன்னாலும் காட்டுவதாக நாள் குறித்தாகிவிட்டது. மேடு அப்படியே இருந்தது. நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். கருவியை நம்பினால் தம்பி பொய் சொல்கிறான், இல்லாவிட்டால் டிரம்காரன் அவன் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறான். தம்பியை நம்பினால், இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த கருவி குப்பை. குளிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, எப்போதும் இதே நினைப்பு. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் குக்கர் மூடியை டமார் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை. கணவர் குளித்து, விபூதியைத் தண்ணீரில் குழைத்துப் பட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். செய்த தப்புக்குப் பரிகாரமாக அந்த வாரம் முழுக்க அவர்தான் கரைசல் வடிகட்டித் தருவார். ஈரக் கையோடு மஞ்சள் வடிகட்டின துணியைப் பிழிந்துவிட்டு டம்ளரை எடுத்தார். விரல் நுனி மூன்றும் சிவப்பாக இருந்தது. கண்ணாடி கிழித்துவிட்டது என்று பதறி அவர் கையைப் பிடித்து இழுத்துக் குழாயில் காட்டினேன். காயமே இல்லை. அந்த மூன்று விரல்தான், விபூதி குழைத்த விரல்.

மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தி கரைக்கிறவள் எவளுக்கும் தெரியும். சாம்பலும் அதே இனம். விபூதி என்றால் சாம்பல்தானே.

தம்பி பாட்டிலை எப்படிக் கழுவினேன்? வெள்ளிக் குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத்தான் தேய்ப்பேன், கீறல் விழாமல் பளிச்சென்று வரும். தம்பி பாட்டிலையும் அப்படித்தான் தேய்த்தேன். பூஜை அலமாரியில் இருந்த பழனி விபூதியை எடுத்து, காது குடையும் பட்ஸில் தொட்டு, மூலை மூலையாக, ஒவ்வொரு தடவையும். பிறகு தண்ணீரில் அலசி நிழலில் கவிழ்த்து வைப்பேன். கடை மஞ்சள் பாட்டிலுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. குழாயில் காட்டி நாலு குலுக்கு, அவ்வளவுதான். மூலையில் ஒட்டின துளி விபூதி வெறும் ஆல்கஹாலில் நிறம் காட்டாது, மஞ்சளைக் கண்டால்தான் காட்டும். என் தம்பி, என் தம்பி மஞ்சள் என்று நான் தேய்க்கத் தேய்க்க மேடு வளர்ந்திருக்கிறது.

கடைப் பாட்டிலைக் குழாயில் குலுக்கிவிட்டு அதில் தம்பி மஞ்சளை ஊற்றினேன். ஒரே மலை. சிவப்பு நூல் பாட்டிலில் கடை மஞ்சளை ஊற்றினேன். பச்சைப் பக்கம் மேடு. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேதியியல் படித்தவளாம், கலர் லேபில் இருந்தவளாம். வாராவாரம் சோப்புத் தண்ணீரில் மஞ்சள் கறை சிவப்பாவதைப் பார்க்கிறவளாம். கணவர் விரலைத் துணியில் துடைத்தபடி, "இப்ப மாப்ளைகிட்ட சொல்லிடலாம்ல?" என்றார். நீங்கள் அந்தப் போனைத் தொட்டால் நடப்பதே வேறு என்றேன். நானே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மேடு மஞ்சளில் இல்லை, பாட்டிலில், நான்தான் தப்பாகக் கழுவிவிட்டேன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்ஹவுஸில் பெண்கள் ஆளுக்கு ஒரு ஸ்பூன் மஞ்சளோடு வந்தார்கள். சென்னைக்காரப் பெண் போட்டோவுக்கு எடுத்த அதே பாக்கெட்டைக் கிளிப் போட்டுக் கொண்டு வந்தாள். விபூதி தொடாத பாட்டில்களை மட்டும் எடுத்து வெறும் ஆல்கஹாலால் அலசினேன். வேட்டியைப் போர்த்தி ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரே மலை, ஒரே மலை, ஒரே மலை. அவள் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்களே செஞ்ச மிஷின், நீங்க நெனைக்கறதத்தானே காட்டும்?" என்று சிரித்தாள். அது மட்டும் நான் நினைத்ததைக் காட்டியிருந்தால் நான் ஏன் இந்தப் பாடு படப் போகிறேன்! வாய் வரை வந்ததை விழுங்கினேன். அன்று மத்தியானமே ஆர்டர் அம்மாள் குழுவில் மஞ்சளை மறுபடி சேர்த்தார். சென்னைக்காரப் பெண்ணும் எப்போதும் வாங்குகிற அளவு போட்டிருந்தாள். தம்பிக்கு, மூட்டையை அனுப்பு என்று எழுதினேன். சரி என்று பதில் வந்தது.

லாரி ஆபீஸிலிருந்து மூட்டையைக் கணவர் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் வைத்துப் பிரித்தேன். எப்போதும் பொன்னு மாதிரி உருண்டு விழுகிற மஞ்சள் இல்லை. பழுப்பு நிறத்தில், செதில் செதிலாக, வேரும் தோலும் அப்படியே ஒட்டிக்கொண்டு, கை வைத்தால் தோட்டத்து மண் உதிர்ந்தது. இதை அரைத்தால் தூள் மங்கலாகத்தான் வரும். இந்தத் தடவை கலர் ஏன் கம்மி என்று அதே குழுவில் கேட்பார்கள். அது கிடக்கட்டும் என்று தம்பியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தான்.

"என்னடா இது, பாலிஷ் போடலையா?"

"போடலீங்க. டிரம்முல போட்டாத்தான சந்தேகம் வருதுங்க. மண்ணோட இருந்தா யாரும் எதும் கேக்க மாட்டாங்க."

இனிமேல் அப்படித்தான் அனுப்பப் போகிறானாம். நான் மூட்டைப் பக்கத்திலேயே உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு தேய்க்கிற விபூதியை, சிவப்பு நூலை, மாமா விரல் சிவந்ததை. உன் பாட்டில் என்றுதானடா அப்படித் தேய்த்தேன், கடைப் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையடா என்றேன். அந்தப் பக்கம் மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பரவால்லீங்க அக்கா. மிஷின்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்" என்றான்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "டேய், என்னைய நீன்னு சொல்லுடா" என்றேன்.

"சொல்றனுங்க" என்றான்.